மொட்டையும் மூக்குத்தியும்

இந்த வயதில் நான் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. மகளின் ஆராய்ச்சிக்காக, படங்களுக்குக் கம்ப்யூட்டர் எழுதும் குறிப்புகளைத் திருத்திக் கொடுக்கிறேன், அவ்வளவுதான். கான்வென்ட்டில் பக்கத்தில் உட்கார்ந்து உன் நோட்டைத் திருத்தியவள்தானே.

இன்று காலை வந்த படத்தில் நம் ஊர்க் கோயில் மலைப்படியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். மழித்த தலை நிறையச் சந்தனம். கம்ப்யூட்டர் அவளை "ஆண்" என்று எழுதியிருந்தது.

"மூக்குத்தி கண்ணுக்குத் தெரியலையா இதுக்கு?" என்றேன்.

"அதுக்கு மொட்டையும் தெரியும்மா, பொம்பளையும் தெரியும். ரெண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை. நனைஞ்ச பூனையையும் காய்ஞ்ச புடவையையும் காட்டியிருந்தா, நனைஞ்ச புடவையை அதுவா தெரிஞ்சுக்கணும். அதைத்தான் சொல்லிக்கொடுத்துகினு இருக்கோம்."

எனக்குச் சந்தன வாசனை அடித்தது.

பல வருடம் முன்பு, உன் மகளுக்குக் காய்ச்சல் தீர்ந்ததற்காக முடி கொடுத்துவிட்டு நீ படியிறங்கி வந்தாய். நான் ஏறிக்கொண்டிருந்தேன். இடுப்புவரை தொங்கும் பின்னலை வைத்தே உன்னைத் தூரத்தில் கண்டுகொள்பவள் நான். நீ சிரித்தாய். யாரோ வெளியூர்க்காரி என்று ஒதுங்கி வழிவிட்டுப் போனேன்.

மறுநாள் உன் நாத்தனார் வந்தாள். "பாத்துகினே போய்ட்டீங்களாமே. மொட்டைத் தலையோட பேசினா துரைசாணிக்குக் கௌரவம் கொறஞ்சிடுமான்னு அண்ணி கேக்குறாங்க."

துரைசாணி, பள்ளியில் நீ எனக்கு வைத்த பெயர். அன்று மட்டும் அது சுட்டது.

தெரியாமல் நடந்ததற்கு நானாகப் போய் விளக்கம் சொல்வதா என்று இருந்துவிட்டேன். நீயும் வரவில்லை. அடுத்த ஆடிக் கிருத்திகைக்குள் போய்விட்டாய். உன்னைக் கிடத்தியிருந்தபோது முடி காதுவரைகூட வளர்ந்திருக்கவில்லை. வாசலிலிருந்தே உன்னைத் தெரிந்தது.

"ஆண்" என்பதை அடித்துவிட்டு, "மொட்டை அடித்த பெண், சிரிக்கிறாள்" என்று எழுதினேன்.

"சிரிக்கிறதெல்லாம் கேக்கலைம்மா" என்றாள் மகள்.

நான் அதை அடிக்கவில்லை.

உன்னையும் தெரியும், மொட்டையும் தெரியும். சேர்த்துத் தெரியவில்லை. படியில் நடந்தது அதுதான். கர்வம் அதற்குப் பிறகு வந்தது. இத்தனை வருடமாக என்னிடம் இருப்பதும் அந்தக் கர்வம்தான்.

நம்புகிறாயா, இல்லையா என்று எழுது. நாத்தனாரிடம் சொல்லியனுப்பாதே. உன் கையெழுத்தில் ஒரு வரி போதும். பிழையிருந்தாலும் திருத்தமாட்டேன்.