அரக்குச் சாயம்

அன்பு மகளுக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பணம் உன் மகளின் புத்தகங்களுக்கும் ஷூவுக்கும் சரியாகப் போயிற்று. ஆறாம் வகுப்பிலிருந்து வெளிர் நீலப் பாவாடை கூடாதாம், அரக்கு நிறம்தானாம். கடைக்காரர் கடன் தருகிறேன் என்றார். நான் கைநீட்டுகிற ஆளா? சாயப்பொடி வாங்கி, பழைய பாவாடையை நானே முக்கி எடுத்தேன். தையற்காரரே, "புதுசுன்னு சத்தியம் பண்ணலாம் பாட்டிம்மா" என்றார்.

முதல் நாள் பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. சாயம் கரைந்து கால் வழியே வெள்ளைக் காலுறைக்கு இறங்கிவிட்டது. "ஐயோ, ரத்தம்!" என்று ஒருத்தி கத்த, "பெரிய மனுஷி ஆயிட்டாடி!" என்று மற்றவர்கள் சிரித்தார்களாம்.

"சாயம்தான்னு சொல்ல வேண்டியதுதானேடி?" என்று கேட்டேன்.

"சொன்னா, புதுசு வாங்க வக்கில்லன்னு தெரிஞ்சிடும்ல பாட்டி?"

இந்த வீறாப்பு யாரிடமிருந்து வந்தது என்று நீ கேட்காதே.

அன்றிலிருந்து அவள் பள்ளிக்குப் போகவில்லை. கடைசியில் கடைக்காரரிடம் கடன் சொல்லிப் புதுப் பாவாடை வாங்கினேன். அவள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கெஞ்சினேன், திட்டினேன், ஒரு அடியும் வைத்தேன். என்னோடு ஓட்டல் வேலைக்கு வந்து வெங்காயம் உரிக்கிறாள். கை வேகம் என்று முதலாளி மெச்சுகிறார்.

நேற்று உரித்துக்கொண்டே, "நீயும் அஞ்சாவதோட நின்னவதானே பாட்டி? நல்லாத்தானே இருக்கே?" என்றாள்.

நல்லாத்தான் இருக்கிறேன் என்று ஊரெல்லாம் மார்தட்டியவள் நான். இவளிடம் எப்படி இல்லையென்று சொல்வேன்?

இப்படிக்கு,
அம்மா