தொடங்காமலே போன மூன்று வருஷம்

அக்கா,

இன்று காலை தொழிற்சாலைப் பேருந்து கடல் பாலத்தில் ஏறியபோது பின்னால் யாரோ நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். வாழையிலையும் நெத்திலிச் சம்பலும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இறங்கும்வரை மனத்துக்குள் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். செத்தவர்களைத் திட்டக்கூடாதாம். இருந்தபோது எங்கே திட்ட விட்டீர்கள்?

ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்து அக்கா தங்கை ஆன நம் வியாபாரம் இதே பேருந்தில்தான் ஆரம்பித்தது. பாகான் டாலாமில் உங்கள் அடுப்படியில் கட்டிய பொட்டலங்கள் பாலம் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும். "சம்பலுக்கு வெங்காயம் வதக்கையிலே அவசரப்படாதேடி" என்று என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்குவீர்கள். பிறகு வேலையை விட்டோம், கடை எடுத்தோம், வேன் எடுத்தோம், தொழிற்சாலைக் கேண்டீன்களுக்குச் சாப்பாடு போட்டோம். வங்கிக் கடன் தாளில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் கையெழுத்துப் போட்டோம். நீங்கள் சிலுவை வரைந்துகொண்டு போட்டீர்கள். நான் தாள் மூலையில் பிள்ளையார் சுழி போடப் போன கையை இழுத்துக்கொண்டு போட்டேன்.

கொரோனா வந்தது, கேண்டீன்கள் மூடின. நாம் சூதாடவில்லை அக்கா, யார் வயிற்றிலும் அடிக்கவில்லை. சமைத்து வைத்தோம், சாப்பிட ஆள் வரவில்லை. இதை நீங்கள் கடைசிவரை உங்களுக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

வங்கியிலிருந்தும் நீதிமன்றத்திலிருந்தும் கடிதங்கள் வந்தபோது, பிரிக்காமலே இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தீர்கள். "அவரு பாத்துக்குவாரு. மனுசன் படிச்சு என்னா ஆவப் போவுது?" உங்கள் பேச்சைக் கேட்டு நானும் என்னுடையதைச் சாமி மேடையில் விபூதித் தட்டுக்கு அடியில் வைத்தேன். இரண்டு வீட்டிலும் சாமிக்குத் தபால்காரர் வேலை கொடுத்தோம். நீதிமன்றம் நமக்காகக் காத்திருக்கவில்லை. இருவரையும் திவாலானவர்கள் என்று அறிவித்துவிட்டது.

மறுபடி தொழிற்சாலைக்கே வேலைக்குப் போனோம். மாதா கோயில் வாசலில் யாரோ சொன்னதாக ஒரு நாள் வந்து சொன்னீர்கள்: "மூணு வருஷத்துல திவாலு தானா போயிடுமாம்டி. வாயத் தொறக்காம இருந்தாப் போதும்." அப்படியே இருந்தோம். சொந்தக்காரர்கள் வேளாங்கண்ணிக்குக் கூப்பிட்டபோது, திவாலானவரை நாடு தாண்ட விடமாட்டார்கள் என்பதை மறைத்து, பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்றீர்கள். நானும் தலையாட்டினேன். விரல் விட்டு எண்ணி மூன்று வருஷத்தை முடித்தோம்.

அப்புறம் சிங்கப்பூரில் உங்கள் மகளுக்குப் பிரசவ நேரம் வந்தது. பிரசவ மருந்து இடித்தீர்கள், பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்தீர்கள், பஸ் ஏறினீர்கள். ஜோகூர் எல்லைச் சோதனைச் சாவடியில் அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார், உங்களைத் தனியாக நிற்கச் சொன்னார். பஸ் போய்விட்டது. எனக்குப் போன் செய்தீர்கள். "என்னைய விட மாட்டேங்கிறாங்கடி. எல்லாரும் பாக்குறாங்க." பேத்தி அன்று சாயந்தரம் பிறந்தாள்.

அடுத்த வாரமே ஜார்ஜ் டவுனில் உள்ள திவால் அலுவலகத்துக்குப் புறப்பட்டேன். உங்களையும் கூப்பிட்டேன். "நீ போ. அங்க பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்களாம். நம்ம ஆளுங்க யாராச்சும் இருந்தா மானம் போயிரும்லா" என்றீர்கள். தனியாக ஃபெர்ரி ஏறினேன். கவுண்டரில் இருந்த மலாய்க்கார அம்மா என் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் எங்கே போனாய் என்று கேட்டார். மூன்று வருஷமாகக் காத்திருந்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. என்ன சம்பளம், என்ன சொத்து, யாருக்கு எவ்வளவு கடன் என்று எல்லாவற்றையும் எழுதி ஒரு ஃபாரம் நிரப்பிக் கொடுக்க வேண்டுமாம். கொடுத்த நாளிலிருந்துதான் மூன்று வருஷம் எண்ணுவார்களாம். மாதம் எவ்வளவு என்று அவர்கள் சொல்வதைக் கட்டி, வரவு செலவையும் ஒழுங்காகக் காட்டினால் விடுவிப்பு. வெளிநாடு போக வேண்டுமென்றால் முன்கூட்டியே அனுமதி கேட்கலாமாம். கேட்கலாமாம், அக்கா!

நாம் ஒளிந்திருந்த மூன்று வருஷம் எந்தக் கணக்கிலும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து ஃபாரத்தை எழுதிக் கொடுத்தேன். உங்களிடம் வந்து சொன்னபோது அழுதீர்கள். "ஈஸ்டர் போகட்டும், வர்றேன்" என்றீர்கள். ஈஸ்டர் போயிற்று. அதற்கடுத்த மாதம் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

போன சனிக்கிழமை உங்கள் முப்பதாம் நாள் ஜெபம். உங்கள் மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். பாயில் உட்கார்ந்திருந்த அவளிடம் உங்கள் கொழுந்தனார் குனிந்து, "அம்மா பேங்க்ரப்ட்டுன்னு யாருகிட்டயும் மூச்சு விடாதே. தெரிஞ்சா கடனை உன் தலையில கட்டிருவாங்க" என்றார். அந்தப் பெண் முகம் வெளுத்துவிட்டது. நான் பொறுக்கவில்லை. எழுந்தேன்.

"கட்ட மாட்டாங்க அண்ணே. அம்மா சொத்து ஏதும் விட்டுட்டுப் போயிருந்தா அதுலேருந்து எடுப்பாங்க. புள்ள சம்பளத்துல கை வைக்க முடியாது" என்றேன். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகவே சொன்னேன்: "அக்கா பேத்தியப் பாக்காமப் போனதுக்குக் காரணம் கடன் இல்ல, வெக்கம். நானும் பேங்க்ரப்ட்தான். மாசாமாசம் கட்டுறேன். திருடல, ஓடல. யாருக்கு என்னா கேக்கணும், இப்பக் கேளுங்க."

உங்கள் மகள் மட்டும் எழுந்து வந்து, "சித்தி, பாஸ்போர்ட் தொலைஞ்சிருச்சுன்னுதானே அம்மா சொன்னாங்க" என்று குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு அழுதாள். பாவி அக்கா, அவளிடம்கூடச் சொல்லவில்லையே நீங்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை செய்பவராம். உங்களுக்குத் தூரத்து உறவு, எனக்கு முன்பின் தெரியாது. இலையைப் பார்த்தபடியே பேசினார். "எனக்கும் ரெண்டு வருஷமாச்சு தங்கச்சி. தானா போயிரும்னுதான் இருக்கேன். அந்த ஆபீஸு எங்க இருக்கு?"

நம் மானத்தை நான் பந்தியில் வைத்துவிட்டேன் என்று உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். அடுத்த ஜெபத்திலும் கேட்பவர்கள் இருந்தால் சொல்வேன். வரும் திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன், அவரை நானே ஃபெர்ரியில் கூட்டிப் போகிறேன். உங்கள் மூன்று வருஷம் தொடங்கவே இல்லை அக்கா. அவருடையது திங்கட்கிழமை தொடங்கும்.