எண்ணிட்ட நாற்பது மரங்கள்

மஞ்சக்குட்டை
3.3.2025

அன்புள்ள கண்ணு ஆஷ்லினுக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகம், என் பேண்ட்தான் சுகமில்லை. உன் மரங்களை எண்ணப் போன இடத்துல பின்பக்கம் முழுசாக் கிழிஞ்சிடுச்சு. வனத்துறையோட பழைய பேனரை இடுப்புல சுத்திக்கிட்டு பஸ் ஏறினேன். 'அத்துமீறி நுழையாதீர்'ங்கிற எழுத்து சரியாப் பின்னாடி. கண்டக்டர், "ஏனுங்க வாட்சரு, உங்களுக்குப் பின்னால ஆளுக ஏறலாமுங்களா, கூடாதுங்களா?"ன்னு கேட்டாரு. பஸ்ஸே சிரிச்சுது.

இந்த வருஷமும் பனி சரியா இறங்கலை. மாசியிலயே வெயில் நொம்ப. ஓடை வத்தி, காட்டெருமை ஊட்டுக் குழாயடிக்கு வருது. ஆனா நீ நம்பர் அடிச்ச நாற்பது மரத்துல முப்பத்தேழுல ஆர்க்கிட் செடி பச்சையா ஒட்டிக்கிட்டிருக்கு. எண்ணிக்கை எழுதின தாள் இத்தோட வெச்சிருக்கேன். ஈஸ்டருக்கு எண்ண வருவேல்ல? கறிக்குச் சொல்லி வெச்சுட்டேன்.

அப்பா,
டோமினிக்

பெங்களூரு
2.5.2025

அப்பாவுக்கு,

ஈஸ்டருக்கு வந்தப்ப மத்த மரத்துல எல்லாம் ஆர்க்கிட் சருகாத் தொங்குச்சு. என் நம்பர் மரங்கள் மட்டும் பாசியோட பச்சையா நின்னுச்சு. உங்ககூட வேலை பார்க்கிற சின்னராஜ் மாமா பெருமையாச் சொன்னாரு: "உங்கப்பாரு மூணு கோடையா முதுகுல ஸ்ப்ரேயர் மாட்டி உன்ற மரத்துக்குத் தண்ணி அடிக்கிறாரு கண்ணு!"

மழையும் பனியும் தப்பினா காடு தன்னால தாங்குமான்னு பார்க்கத்தானேப்பா அந்த நாற்பது மரம்? 'பாதுகாத்த காடு தாங்கிக்கும்'னு மூணு வருஷமா எழுதியிருக்கேன். அதைக் காட்டி, சேர்வராயன் மலைக்கு ஒண்ணும் ஆகலைன்னு அதிகாரிங்க கூட்டத்துல பேசுறாங்க. எல்லாத்தையும் இப்ப நானே பொய்னு சொல்லணும். என் ஆராய்ச்சி அதோட முடிஞ்சுது. ஏன் ஊத்துனீங்கன்னு கேட்டா, பாவமா இருந்துச்சுன்னு சிரிக்கிறீங்க.

இனி எண்ண வேண்டாம். எனக்கும் அங்கே வேலை இல்லை.

ஆஷ்லின்

மஞ்சக்குட்டை
9.6.2025

கண்ணு,

நீ போனதிலிருந்து ஸ்ப்ரேயரைத் தொடலை. எண்ண வேண்டாம்னு சொன்னே, கால் கேக்கலை. நாற்பதுல நாலுதான் பச்சை. அதுவும் ஓடைப் பள்ளத்து நிழல்ல இருக்கிறது. பாசியைத் தொட்டாப் பொடியா உதிருது. நிஜமான தாள் இதுதான்; கையெழுத்துப் போட்டிருக்கேன். எட்டாவது ஃபெயிலான வாட்சர் ஒருத்தன் கெடுத்தான்னு எல்லார்கிட்டயும் சொல்லு. ரேஞ்சர் ஐயாகிட்ட நானே எழுதிக் குடுத்துட்டேன். "காட்டுக்குத் தண்ணி ஊத்தினதை எந்தக் குத்தத்துலய்யா சேர்க்கறது?"ன்னு தலையைச் சொறியறாரு.

பாவமா இருந்துச்சுன்னது பொய், சாமி. வாசல்ல நின்னு நீ கேட்டப்ப வாயில வராதது இது: அம்மா போனப்புறம் நீ இந்த மலை ஏறினதெல்லாம் செடி எண்ணத்தான். அதுவும் காய்ஞ்சுட்டா நீ எதுக்கு வருவேன்னு பயந்துட்டேன்.

அப்பா