மூன்றாவது துளை

ஜூன் 3, செவ்வாய்

பல் டாக்டரின் கார் எங்கள் பட்டறைக்கு வந்து ஒரு வாரம். அவருடைய அப்பா ஓட்டியது. எனக்கும் அண்ணனுக்கும் மூத்த கார். பின்சக்கரத்தை அச்சோடு பிடித்திருக்கும் ஹப், துருவேறி அசைய மறுக்கிறது. உடைந்தால் வேறு வாங்க முடியாது, அந்தக் கம்பெனியே இப்போது இல்லை. அதன் போல்ட்டுகளில் மாட்டி இழுத்தெடுக்கும் தகடு, ஒரு புல்லர், நான் செய்தாக வேண்டும்.

அண்ணன் சுத்தியலோடு நிற்கிறான். "ரெண்டு போடு போட்டா தானா வரும்." டாக்டராவது ஊசி போட்டுவிட்டுப் பிடுங்குவார். இவனுக்கு அதுவும் கிடையாது.

ஹப்பின் மேல் காகிதத்தை வைத்துக் கிரீஸ் விரலால் தேய்த்து, மூன்று போல்ட்டின் இடத்தையும் அச்செடுத்துக்கொண்டேன்.

ஜூன் 5

புல்லர் முடிந்தது. இரண்டு துளைகள் கச்சிதம். மூன்றாவது போல்ட்டில் உட்காரவில்லை. மறுபடி தகடு வெட்ட அலுப்பு. அரத்தால் ராவி உட்கார வைத்துவிட்டேன்.

ஜூன் 6

இரும்புக் கடைக்குப் போய்விட்டு வந்தால் ஹப் இரண்டாகக் கிடக்கிறது. பக்கத்திலேயே சுத்தியல். அண்ணன் போனில் டாக்டரிடம்: "ஏற்கெனவே விரிசல் இருந்துச்சு சார், கழட்டும்போதே பாத்தேன்."

அவரும் நம்பிவிட்டார். அடித்து உடைத்தது போதாதென்று வாய் கூசாமல் பொய்! நான் எதுவும் கேட்கவில்லை, கேட்டால் எனக்கும் ஒரு பொய் வைத்திருப்பான். டீயை வேறு உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்கிறான்.

ஜூன் 8

அவன் கை துடைத்த துணியைத் தொட மனம் வரவில்லை. எனக்கென்று வேறு கிழித்துக்கொண்டேன்.

அண்ணி கேட்டார்: "ஒரே பட்டறையில நின்னுக்கிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா எப்படிம்மா?" உங்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள் என்றேன்.

ஜூன் 10

அதே மாதிரி ஒரு ஹப் கடைந்துவிடலாம் என்று அளவெடுக்க, உடைந்ததைக் கையில் எடுத்தேன். சுத்தியல் பட்ட வடு ஒன்றுகூட இல்லை. விரிசல் மூன்றாவது போல்ட்டில் தொடங்குகிறது. புல்லரைப் பார்த்தேன். நான் ராவிய துளை முட்டை மாதிரி நீண்டிருக்கிறது. அண்ணன் இதை மாட்டி இழுக்கும்போது அந்தப் பக்கம் நழுவி, பலமெல்லாம் கோணலாக விழுந்திருக்கிறது.

நான்தான். நானேதான்.

"உனக்குத் தெரியுமா?" அண்ணனிடம் கேட்டேன்.

"அன்னிக்கே தெரியும்."

"ஏண்ணே சொல்லல?"

"சொன்னா ஆறு மாசம் லேத்தைத் தொட மாட்ட. எனக்குத் தெரியாதா உன்னை?"

சீ! வேறு யாராவது துளையை ராவிக் கொடுத்திருந்தால் மூஞ்சியிலேயே எறிந்திருப்பேன். இந்தக் கையைப் பார்க்கவே பிடிக்கல. அவன் மேலும் அருவருப்பு போகவில்லை — என்ன நினைத்தான் என்னை, தொட்டால் உடைகிற சாமான் என்றா?

ஜூன் 11

டாக்டருக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப உங்க அண்ணன் சொன்னது?"

"பொய்ங்க."

மதியமே ஆள் அனுப்பிக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அண்ணன் வாசலில் நின்றபடியே சொன்னான்: "உனக்கு மனசு லேசாகணும். அதுக்கு நான் பொய்யனாகணும். அப்படித்தானே?"

பொய்யன்தானே? ஆனால் யாருக்காக?

ஜூன் 12

அண்ணன் டீயை வாசலுக்கு எடுத்துப் போய்க் குடித்தான்.

ஜூன் 19

வேறொரு பழைய கார். ஸ்டீயரிங் சக்கரத்தைக் கழற்றப் புது புல்லர் செய்து கொடுத்தேன். அண்ணன் மாட்டவில்லை. வெர்னியரை எடுத்து ஒவ்வொரு துளையாக அளந்தான். பதினோரு வருடத்தில் நான் கொடுத்த எதையும் அவன் அளந்ததில்லை.

விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.