அப்பா நகர்த்திய ஃப்ரிட்ஜ்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் போன வாரம் வாங்கிய அதிர்ச்சியில் நெஞ்சு இன்னும் படபடக்கிறது, நீயாவது அங்கே நிம்மதியாக இரு. என் வலது மணிக்கட்டு சுளுக்கு, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். (அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு, அண்ணா.)

என்னிடம் இங்கிலீஷ் படிக்க வருகிறாரே பஸ் டிரைவர், அவர் பெண்டாட்டியும் குழந்தையும் வெளிநாட்டில், பேச்சுத் தேர்வில் தேறினால்தான் இவர் அங்கே போக முடியும், ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டைவிட்டவர். கோ, வென்ட், கான் என்று இஷ்டத்துக்கு மாறும் ஒழுங்கில்லாத வினைச்சொற்கள்தான் அவரைக் கவிழ்த்தன. (ஒழுங்கில்லாத என்று சொல்லும்போது அம்மா ஏனோ என்னைப் பார்க்கிறாள்.) அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் வீட்டில் ஒரு சாமானைக் கொடுத்து, அதைத் தொட்டுத் தொட்டுச் சொல்ல வைத்தேன். ஃப்ரிட்ஜைத் தொட்டால் ஃப்ரீஸ், ஃப்ரோஸ், ஃப்ரோஸன். உன் கட்டிலைத் தொட்டால் ஸ்லீப், ஸ்லெப்ட், ஸ்லெப்ட். மனுஷன் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து மழையாகக் கொட்டினார். தேர்வுக்கு முதல் நாள் உங்கப்பா என்ன செய்தார் தெரியுமா, வகுப்புக்கு இடம் விசாலமாக இருக்கட்டுமே என்று ஃப்ரிட்ஜைப் பின்னறைக்குத் தள்ளி, கட்டிலைக் கழற்றி மாடியில் போட்டுவிட்டார்! டிரைவர் வந்து கையை நீட்டினார், வெறும் சுவர். எல்லாம் மறந்து போச்சு டீச்சரம்மா என்று அப்படியே நின்றுவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானே ஃப்ரிட்ஜை இழுத்ததில் வந்ததுதான் இந்தச் சுளுக்கு. (ஃப்ரிட்ஜும் அசையவில்லை, அப்பாவும் அசையவில்லை.) கடைசியில், சாமானெல்லாம் பழைய இடத்திலேயே இருக்கிறதா நினைச்சு மனசுக்குள்ளே இந்த வீட்டில் நடங்க என்று சொல்லி அனுப்பினேன்.

இவர் தேர்வு அறையில் நிஜமாகவே எழுந்து நடந்திருக்கிறார்டா! தேர்வு வைத்த அம்மாவிடம், கொஞ்சம் நகருங்க, ஃப்ரிட்ஜ் முன்னாடி உட்கார்ந்திருக்கீங்க என்றாராம், அதுவும் தப்பில்லாத இங்கிலீஷில். கேட்டதும் எனக்கு உயிரே போய்விட்டது. அந்தம்மா திறந்த வாய் மூடாமல் நாற்காலியோடு நகர்ந்தாராம். (அப்பாவைவிட நல்லவர்.)

நேற்று முடிவு வந்தது, தேறிவிட்டார். அதை என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். பிறகு பெண்டாட்டிக்குப் போன் போட்டார். அவள் ஹலோ ஹலோ என்கிறாள், இவருக்கு எந்த மொழியிலும் ஒரு வார்த்தை வரவில்லை. நான்தான் போனை வாங்கிச் சொன்னேன்.

நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இரு ராஜா. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் பேசு.

உன் அம்மா
(கையெழுத்து என்னுடையது, தலையெழுத்து அப்பாவுடையது.)