வயிற்றில் கட்டிய புளிச்சோறு

என் அருமை மாணிக்கம் மச்சான்,

மானம் போகிற விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கிருந்து வேறு யாராவது அங்கே வந்து சொல்லி நீ கேட்டால் இன்னும் அதிகமாகச் சிரிப்பாய். நாற்பத்தெட்டு வயதில், கவர்மெண்டு குமாஸ்தாவாகிய நான், உன் வீட்டுக்காரி கிளறிய புளிச்சோற்றை வெற்று வயிற்றில் வைத்துக் கட்டிக்கொண்டு, நோயாளி என்ற பெயரில் பேராக் மாநிலத்தில் ஒரு சோதனைச் சாவடியைத் தாண்டினேன். எண்ணெய் தொப்புளில் இறங்கியது. ஊர் திரும்பியும் அந்த இடம் எரிகிறது.

உன் வண்டியில்தான் போனோம். பட்டாளம் ஏலம் விட்டபோது நீ எடுத்தாயே, அந்தப் பழைய ஆம்புலன்ஸ். சிலுவையின் மேல் பச்சைப் பெயிண்ட் அடித்து, உள்ளே பலகைக் கட்டிலும் அடுப்பும் தண்ணீர் டின்னும் வைத்து, “மாப்பிள்ளை, இதுலயே படுத்து எந்திரிச்சு பினாங்கு வரைக்கும் போலாம்” என்று நம் காஜா பெராங் தெரு முழுக்கப் பெருமையடித்தாய். பெயிண்ட் காயுமுன்னே நீ படுக்கையில் விழுந்தாய்; அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அந்த வண்டியில் நீ எங்கேதான் போனாய், சொல்?

விஷயம் இதுதான். உன் மகள் செல்விக்குப் பினாங்கு பெரியாஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை காலை அங்கே நிற்க வேண்டும். தவறினால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். வண்டி ஓட்டியவர் கனி பாய். உன் கூட்டாளி, ஜாலான் துக்காங் எமாஸில் மளிகைக் கடை வைத்திருக்கிறவர், உன்னைத் தவிர அந்த வண்டி யாருக்காவது அடங்கியிருந்தால் அது அவருக்குத்தான். செல்விக்குத் துணையாக உன் தங்கை பார்வதி. உன் தங்கைக்குத் துணையாக நான். எனக்குத் துணை யாரும் இல்லை.

நீ போட்டுவைத்த சட்டங்களை எல்லாரும் ஒப்பித்துக்கொண்டே ஏறினோம். பொழுது சாய்ந்தால் வண்டி ஓடக்கூடாது. நிறுத்தினால் சக்கரத்துக்குக் கட்டை. முகம் தெரியாதவனை ஏற்றாதே. கடைசியாக, கறுப்புப் பகுதிக்குள் ஒரு பருக்கைச் சோறுகூட வண்டியில் இருக்கக் கூடாது. வெள்ளைக்காரன் போய்க் கொடி மாறிவிட்டது, பாட்டு மாறிவிட்டது; காட்டுக்குள் பதுங்கியிருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்ற சட்டம் மட்டும் வடக்கே இன்னும் மாறவில்லை. பிடிபட்டால் உள்ளே தள்ளிவிட்டுத்தான் மற்ற பேச்சு.

இவ்வளவும் ஒப்பித்து முடித்த இடத்தில் உன் மனைவி ஈஸ்வரி மூன்று வாழையிலைப் பொட்டலத்தோடு வந்து நின்றாள். “அப்பன் இல்லாத புள்ள. போற வழியில கண்ட கடையில கையேந்தக் கூடாது.” வேண்டாம் என்று சொல்ல வேண்டிய பெரிய மனிதன் நான். என்ன சொன்னேன் தெரியுமா? “வாசனை தூக்குது” என்றேன்.

மச்சான், தூரப் பயணம் என்பது மனிதர்களை மூடி போட்டு வேகவைக்கிற காரியம். உன் தங்கையின் முட்டிவலித் தைலம், கனி பாயின் சுருட்டு, ஆம்புலன்ஸுக்குள் ஊறிப்போயிருந்த பழைய மருந்து நெடி, எல்லாம் சேர்ந்து குடலைப் புரட்டியது. கனி பாய் ஜன்னல் வழியே வெற்றிலை துப்பினால், அது காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பின் ஜன்னலில் என்னைத் தேடி வந்தது. துடைத்துக்கொண்டு ‘சீ’ என்றேன். “நீரு மொதல்ல உம்ம காலுறையக் கழட்டி வெளியில கட்டும் ஓய்” என்றார். கட்டினேன். சிரம்பான்வரை நாய்கள் துரத்தின.

முதல் ராத்திரி கோலாலம்பூரில் கனி பாயின் சொந்தக்காரர் கடை வாசலில் வண்டியைப் போட்டுத் தூங்கினோம். இரண்டு பொட்டலம் அங்கேயே தீர்ந்தது. மூன்றாவதை எறியச் சொன்னால் செல்வி மடியில் வைத்துக்கொண்டாள். “ஹாஸ்டல்ல மொத ராத்திரிக்கு, மாமா. அம்மா கைச் சோறு.” அதற்குமேல் எவன் வாய் திறப்பான்? நீ இருந்திருந்தால் திறந்திருப்பாயா?

மறுநாள் பேராக் எல்லைக்குள், தாப்பாவில் வண்டிக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினோம். செல்வி டின்னோடு டீக்கடைக்குப் போய், கொஞ்சம் தாமதமாக, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள். கடைக்காரன் ஏதோ கிண்டல் செய்திருப்பான் என்று நினைத்தேன். மறுபடி கிளம்பி ஒரு வளைவு திரும்பியதும் எதிரே கம்பம் போட்ட சாவடி. முன்னால் இரண்டு லாரிகள்.

“யா அல்லா” என்றார் கனி பாய். “சோறு இருக்கா வண்டியில?”

“தூக்கி வெளிய போட்டுருங்க” என்றாள் உன் தங்கை. மறு மூச்சிலேயே, “ஐயோ, அண்ணி கையால கட்டுனது” என்றாள்.

என் வேலை, பென்ஷன் எல்லாம் கண்முன் வந்தன; இருந்தாலும் முதலில் வந்தது திங்கட்கிழமைதான். நாங்கள் உள்ளே உட்கார்ந்திருக்க, பினாங்கில் உன் மகள் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்து அடித்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிடுவார்கள்.

செல்வி மட்டும் பதறவில்லை. “மாமா, சட்டையக் கழட்டிட்டுப் படுங்க.” பொட்டலத்தை என் வயிற்றில் வைத்துத் தட்டையாக அமுக்கினாள். பெட்டியிலிருந்து வெள்ளைத் துணிச் சுருள் ஒன்றை எடுத்தாள். உனக்கு வாங்கியதில் மிஞ்சியது. சுற்றினாள் பார், மச்சான், ஒரு மடிப்புப் பிசகவில்லை. உன் முதுகுப் புண்ணுக்கு அவள் கட்டுப் போட்டபோதெல்லாம் நான் மூக்கில் கைக்குட்டையோடு வாசலில் நின்றவன். அந்தக் கை எப்படி வேலை செய்யும் என்று அன்றுதான் பார்த்தேன்.

இலை கிழிந்தது. மஞ்சளும் சிவப்புமாக எண்ணெய் கட்டுக்கு மேலே ஊறி வந்தது. காய்ந்த மிளகாய் ஒன்று சரியாகத் தொப்புளில் குடியேறியது. நான் முனகியதில் நடிப்பு ஒரு துளியும் இல்லை.

பின்கதவைத் திறந்த மலாய்க் காவலனுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. “சாக்கிட்?” என்றான், நோயா என்று. “சாக்கிட்” என்றாள் செல்வி. புளியும் பெருங்காயமும் என் வியர்வையும் கலந்து ஒரு வாடை எழும்பி அவன் முகத்தில் அடித்தது. பார்க்கிறாயா என்று மலாயில் கேட்டுக்கொண்டே கட்டை அவிழ்க்கத் தொடங்கினாள் உன் மகள். எனக்கு உயிர் போய்விட்டது. “தாக் பயா, தாக் பயா” என்று, வேண்டாம் வேண்டாமென அவன் கதவைச் சாத்திவிட்டு ஓரமாய்ப் போய்த் துப்பியது எனக்குக் கேட்டது. என் வயிற்றைப் பார்த்து ஒருவன் காறித் துப்பி, அதற்கு நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

ஈப்போ தாண்டித்தான் கட்டை அவிழ்த்தார்கள். இருபது வருஷமாய் என் எச்சில் தட்டில் சாப்பிட்ட உன் தங்கை, “சீ, கருமம், ஆத்துல போடு” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கே குமட்டியது. செல்வி கிழிந்த இலையை மட்டும் எடுத்தெறிந்துவிட்டு, வேறு இலை வாங்கி அதையே மடித்துக் கட்டினாள். “வயிறுதானே அத்தை.”

ஞாயிறு சாயங்காலம் ஹாஸ்டல் வாசலில் விட்டோம். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் படியில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, விரலால் வழித்து வழித்துச் சாப்பிட்டாள். பருக்கை மிச்சம் வைக்கவில்லை. நர்ஸ் வேலையா, கண்டவன் சீழைத் துடைக்கிற வேலையா என்று உன் கட்டிலோரம் நின்று பேசினேனே, அந்த வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சான், இந்த வாக்கை வைத்துக்கொள். அவளுக்கு லீவு கிடைக்கிறபோதெல்லாம் உன் வண்டிதான் போய்க் கூட்டிவரும். பகலில் மட்டும், கட்டை போட்டு, கனி பாய் வெற்றிலை இல்லாமல். அவள் வேலையைச் சொல்லி எவனாவது கடைத்தெருவில் மூக்கைச் சுளித்தால், சட்டையைத் தூக்கி என் தொப்புளைக் காட்டுவேன்.

இப்படிக்கு,
உன் தங்கையைக் கட்டியதால் புளிச்சோற்றையும் கட்டிக்கொண்ட
உன் மாப்பிள்ளை,
கோவிந்தன்

பி.கு.: கதவடியில் விடைபெறும்போது செல்வி சொன்னாள். தாப்பா டீக்கடையில் வழிப்போக்கர்களுக்குப் பொட்டலச் சோறு விற்றுக்கொண்டிருந்தார்களாம். அந்தப் பக்கத்தில் சோற்றுத் தடையை நீக்கிப் பல நாள் ஆகிறதாம்; சாவடியில் இப்போது துப்பாக்கிதான் தேடுகிறார்களாம். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். “திங்கக்கிழமைக்கு முன்னாடி கட்டுப் போட்டுப் பழக ஒரு ஒடம்பு வேணும்ல, மாமா” என்றாள்.