கழுத்துக்குக் கருணை மதிப்பெண்

மேற்குத் தாம்பரம்
ஞாயிறு காலை

அன்புள்ள சுப்ரஜா,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தை சின்மயியும் அந்தக் கால்கரி குளிரில் உறைந்து போகாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சௌக்கியம். உன் அம்மாவும் சௌக்கியம்தான், தரையில் இருக்கும் நேரங்களில். மாலை காபிக்கு மேல் அவள் எப்படி இருக்கிறாள் என்பதை மீனம்பாக்கத்துக் கட்டுப்பாட்டு அறையில்தான் கேட்க வேண்டும். வழக்கம்போல இந்தக் கடிதத்தை நான் பேனாவால் எழுத, உன் அம்மா பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பப் போகிறாள். இத்தனை வருஷம் சயின்ஸ் வாத்தியாரா இருந்தீங்களே, நாலு வரி டைப் அடிக்க வராதா என்று இன்றைய பங்கையும் கேட்டு முடித்துவிட்டாள். வராது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நீ அவள் பிறந்த நாளுக்கு அனுப்பிய பொருளைப் பற்றி. மற்ற பெண்கள் தாய்க்குப் புடவை அனுப்புகிறார்கள், ஸ்வெட்டர் அனுப்புகிறார்கள். நீ ஒரு தொப்பி அனுப்பினாய், அதன் முனையில் குத்துவதற்கு மூன்று பளபளக்கும் புள்ளிகளும் கம்ப்யூட்டர் திரைக்கு மேலே வைக்க ஒரு கட்டைவிரல் பருமன் கேமராவும். அவள் கம்ப்யூட்டரில் விளையாடும் அந்த விமானம் ஓட்டும் விளையாட்டில், தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் விமானத்தின் ஜன்னலும் திரும்பும் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. இப்போது நம்புகிறேன். டெலிபோன் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி நைட்டிக்கு மேலே தொப்பி வைத்துக்கொண்டு, கையில் ஜாய்ஸ்டிக்குடன், கூடத்துச் சுவரை அங்குமிங்கும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நம்பாமல் என்ன செய்வது? பக்கத்து வீட்டு முனிரத்தினம், தன் வாடகைக்காரர் விஷயமாகப் பேச வந்தவர், ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டு, இன்னா சார், மேடம் வூட்டுக்குள்ளயே ஏரோப்ளேன் ஓட்டிக்கினு கீது, லைசென்ஸ் எல்லாம் வாங்கியாச்சா என்றார். வாங்கவில்லை, தாம்பரம் விமானப்படைக்காரர்கள் இன்னும் நம் தெருவுக்குச் சோதனைக்கு வரவில்லை என்றேன்.

முதல் வாரம் அந்தக் கேமரா பேஜார் பண்ணியது உனக்குத் தெரியும். அம்மா நேரே பார்த்தாலும் விமானம் மேலே பார்த்தது, கீழே பார்த்தது, பேய் பிடித்ததுபோல ஆடியது. நீ அங்கிருந்தபடியே நம் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து ஒரு மணி நேரம் தேடி, கடைசியில் குற்றவாளி அவளுடைய வைர மூக்குத்தி என்று கண்டுபிடித்தாய். மூன்று புள்ளிக்கு நாலாவதாக அதுவும் மின்னியிருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து கழற்றாத மூக்குத்தி அது. ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் கழற்றச் சொன்னதற்கு அந்த நர்ஸைப் பார்த்த பார்வையில் நான்தான் மன்னிப்புக் கேட்டேன். அதே மூக்குத்தியைப் போர்ட் பிளேர் போவதற்காக ஒரு நிமிஷத்தில் கழற்றி உப்பு ஜாடி மூடிமேல் வைத்தாள். சொல்ல எனக்கு என்ன இருக்கிறது, நான் வெறும் கணவன்.

அவள் உன் ஊருக்கு ஒரு நாள் கம்ப்யூட்டரிலாவது பறந்து வருவாள் என்று நீ ஆசைப்பட்டால், அதை இப்போதே விட்டுவிடு. கேட்டுப் பார்த்தேன். அவ்வளவு தூரம் யாருங்க உட்கார்ந்திருப்பா, முதுகு போயிடும் என்கிறாள். பெரும்பாலும் சின்ன விமானத்தில் தாம்பரத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். பெருங்களத்தூர் மேம்பாலத்தைக் கண்டுபிடித்துவிட்டாள், ரயில் பாதையையும் கண்டுபிடித்துவிட்டாள். முடிச்சூர் பக்கம் வந்தால் மட்டும் அந்தக் கம்ப்யூட்டர் வீடுகள் இருக்கிற இடத்தில் பெரிய ஏரியைக் காட்டுகிறது. தப்பாகப் படம் போட்டிருக்கிறான் என்று கோபித்துக்கொண்டாள். தப்பில்லை, அவன் 2015 டிசம்பர் வெள்ளத்தில் வந்து படம் எடுத்திருப்பான் என்றேன். என்னையும் ஒரு முறை பயணியாக உட்கார வைத்தாள். காபி தரப்படவில்லை. இறங்கும் நேரத்தில் பேசக் கூடாது என்று உத்தரவு. நடுவில் குக்கர் விசில் அடித்தது, மூணு வந்தா அணைச்சிடுங்க என்றாள் ஆகாயத்திலிருந்தே. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இறங்குவதற்கு முன் ஓடுதளம் எங்கே என்று இடது தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டே வளைத்துக் கொண்டு வந்தாள் பார், நான் வாய் திறக்கவில்லை. உத்தரவுக்காக இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன், சிரிப்பதை இங்கே நிறுத்திக்கொள். போன வாரம் நானும் அவளும் ஸ்கூட்டரில் பொத்தேரிக்குப் போய் அவளுடைய பழைய ஆபீஸ் சிநேகிதி கனகவல்லியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம். ஜி.எஸ்.டி. ரோட்டையெல்லாம் ஒழுங்காகக் கடந்து முடிச்சூர் ரோட்டில் நம் தெருவுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டிய இடம். அவள் இண்டிகேட்டர் போட்டாள், தலையைத் திருப்பினாள், வண்டியை வளைத்தாள். எல்லாம் முறைப்படி. ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அவள் ஹெல்மெட் தெரிகிறது, அது திரும்பியது ஒரு விரற்கடை. அதற்குமேல் இல்லை. எனக்குப் பின்னால் என்னவோ பெரிதாக ஊளையிட்டது. நம் தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் அதே டேங்கர், ஓட்டுவது சிட்டிபாபு. ரோடெல்லாம் தண்ணீர் சிதற நிறுத்தினான். அவன் எட்டிப் பார்த்து, இன்னாம்மா, பின்னாடி இம்மாம் பெரிய லாரி வர்றது கண்ணுக்குத் தெர்ல, வூட்ல சொல்லிக்கினு வந்தியா என்று ஆரம்பித்தவன், ஹெல்மெட்டுக்குள் யார் என்று தெரிந்ததும், அய்ய, நம்ம மேடமா, லோடு வண்டி மேடம், புடிச்ச எடத்துல நிக்காது மேடம் என்று அழாத குறையாகச் சொன்னான்.

உன் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? நான் திரும்பிப் பார்த்தேன், ரோடு காலியா இருந்தது என்றாள். பொய் இல்லை, சுப்ரஜா. பார்த்ததாகவே நினைக்கிறாள். வீட்டுக்கு வந்து அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, தோள் அசையாமல் பின் சுவரில் உள்ள காலண்டரைப் பார் என்றேன். பார்த்தேன் என்றாள். என்ன தெரிகிறது என்றேன். ஃபிரிட்ஜ் என்றாள். ஃபிரிட்ஜ் அவளுக்குப் பக்கவாட்டில்தான் இருக்கிறது. உன் கேமரா அவளுக்குச் செய்த நன்மை இதுதான். அவள் விரற்கடை திரும்பினால் அது விமானத்தில் தோள் தாண்டித் திருப்பிக் காட்டுகிறது. நியாயம்தான், நிஜமாகவே பின்னால் திரும்பினால் திரை கண்ணில் படாதே. ஆனால் தினமும் இப்படி வானம் முழுவதையும் பார்த்தவளுக்குத் தன் கழுத்து இறுகிக்கொண்டே வந்தது தெரியாமலே போய்விட்டது. பள்ளியில் ஐந்து மார்க் எடுத்த பையனுக்குக் கருணை மதிப்பெண் போட்டு முப்பத்தைந்து ஆக்கி மேல் வகுப்புக்கு அனுப்புவோம். அனுப்பியவனுக்குப் புண்ணியம். ஆனால் பையன் தான் பாஸ் என்றே நினைத்துக்கொள்வான். முடிச்சூர் ரோட்டில் கருணை மதிப்பெண் கிடையாது, அங்கே திருத்துகிறவன் டேங்கர் லாரி.

அன்று மாலை ஸ்கூட்டர் சாவியைப் பூஜை அலமாரிப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். அதோடு சரி. கனகவல்லி போன் செய்தால் வெயில் ஜாஸ்தி என்கிறாள். மறைமலை நகர் கல்யாணத்துக்கு ஆட்டோவில் போய் வந்தோம், வழி முழுவதும் டிரைவர் வளைக்கிற இடமெல்லாம் அவள் கை தானாக இண்டிகேட்டரைத் தேடியது. மூவாயிரம் அடி உயரத்தில் பறக்கிறவள் பால் பாக்கெட்டுக்கு நடந்து போகிறாள், வண்டி வாசலில் உறை போட்டுக்கொண்டு நிற்கிறது. எனக்கு ஓட்டத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். இருபது வருஷமாக அவள் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் இந்த ஊரைச் சுற்றியிருக்கிறேன். பிசியோதெரபி தம்பி ஜெபகுமார் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றும் பெரிதாக இல்லை, தினமும் காலை மாலை கழுத்தைத் திருப்பிப் பழகுங்க ஆன்ட்டி, ரெண்டு மாசத்துல நல்லா திரும்பும் என்றான். சரிப்பா என்றாள். அவன் கொடுத்த படம் போட்ட காகிதம் இப்போது தோசை மாவுப் பாத்திரத்துக்கு மூடியாக நல்ல சேவை செய்கிறது.

எனவே உன்னிடம் ஒரு வேண்டுகோள். அந்தத் தலையைத் தொடரும் மென்பொருளில் ஒரு வளைந்த கோடு இருக்கிறதே, எத்தனை திரும்பினால் எத்தனை காட்ட வேண்டும் என்று, நீதானே அதை வரைந்து கொடுத்தாய். கருணை மதிப்பெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறை. ஒரேயடியாகக் குறைத்தால் ஓடுதளத்தைத் தவறவிட்டு என் மேல் கோபப்படுவாள். வாரத்துக்கு ஒரு இழை குறைத்தால் போதும், திரை கண்ணில் படுகிற அளவோடு நிறுத்திக்கொள். எனக்காகத் திருப்பாத கழுத்தை, ஜெபகுமாருக்காகத் திருப்பாத கழுத்தை, ஓடுதளத்துக்காகத் திருப்புவாள். இருபது நிமிஷத்தில் எத்தனை முறை திரும்புகிறாள் என்று நான்தான் பார்க்கிறேனே, எந்த வைத்தியரும் இவ்வளவு வேலை வாங்க முடியாது. அம்மாவிடம் சொல்லாதே.

சொல்லாதே என்று எழுதிவிட்டு, இதைப் போட்டோ எடுக்கப்போவது யார் என்பதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. மறக்கவில்லை. நேரில் சொல்லிப் பார்த்தேன், முதல்ல நீங்க ஓட்டிக் காட்டுங்க, அப்புறம் எனக்குப் பாடம் எடுங்க என்றாள். உனக்கு எழுதுவதை மட்டும் அவள் குறுக்கே பேசாமல் முழுவதும் படிக்கிறாள். ஆகவே லோகநாயகி, இதுவரை படித்துவிட்டாய். சாவியை ஆணியிலிருந்து எடு. நாளை விடிந்ததும் ரோடு காலியாக இருக்கும்போது முடிச்சூர் ஏரிக்கரை வரை போய் வரலாம். உன் கழுத்து தேறும் வரை பின்னால் என்ன வருகிறது என்று நான் பார்த்துச் சொல்கிறேன். எனக்குத் தொப்பி வேண்டாம், புள்ளி வேண்டாம், நீ மூக்குத்தியைக் கழற்றவும் வேண்டாம். சிட்டிபாபுவின் லாரியை அரை பர்லாங்குக்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன். இருபது வருஷம் பின்னால் உட்கார்ந்து உன் முதுகை மட்டும் பார்த்தது போதும்.

சுப்ரஜா, நீயும் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்தபடி இருக்கிறாய், உனக்கும் அதே கழுத்துதான், அம்மா வழிச் சொத்து. மணிக்கு ஒரு முறை எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிப் பார், பனி தவிர ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சின்மயிக்குத் தமிழ் எழுத்து விட்டுப் போகாமல் பார்த்துக்கொள், அடுத்த முறை வரும்போது அவள் இந்தக் கடிதங்களைத் தானே படிக்க வேண்டும். மாப்பிள்ளையின் மேலதிகாரி இப்போதாவது மனிதராகிவிட்டாரா என்று எழுது. எங்கள் இருவருடைய ஆசியும் உங்கள் மூவருக்கும் எப்போதும் உண்டு, பெருமாள் கூடவே இருக்கட்டும். அந்தக் கோட்டைக் குறைக்க மறந்துவிடாதே.

இந்தக் கடைசிப் பக்கம் உனக்கு மங்கலாக வந்து சேர்ந்தால் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்காதே. போட்டோ எடுத்தவள் கை ஆடியிருக்கிறது என்று அர்த்தம். சாவியை எடுப்பாளா என்பதற்கு எனக்கு அதுதான் பதில்.

உன் அப்பா,
ஸ்ரீரங்கன்